கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு குடும்பம்!

பிள்ளையைக் கண்ணை இமை காப்பது போலக் காக்கும். பக்கத்து மீனை அடித்தே கொன்றுவிடும்! இந்த அதிசய மீன்களை வீட்டில் வளர்ப்பது எப்படி?

மீனுக்குப் பிள்ளைப் பாசம் உண்டா?

"கிடையாது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலான மீன்களைப் பொறுத்தவரை அது உண்மை. முட்டை போடும். போட்டதும் தன் வழியே போய்விடும். பிறகு தாய்க்குப் பிள்ளையைத் தெரியாது. பிள்ளைக்குத் தாயைத் தெரியாது. எதிரே வந்தால் பெற்ற தாயே பிள்ளையை விழுங்கி விடுவதும் உண்டு.

ஆனால், மீன்களிலே ஒரு குலம் இருக்கிறது. அந்தக் குலத்தில் முட்டைக்குக் காவல் உண்டு. குஞ்சுக்குத் தொட்டில் உண்டு. அப்பாவும் அம்மாவும் முறை போட்டுக் கொண்டு பிள்ளை பார்க்கும் வழக்கமும் உண்டு.

அந்தக் குலத்துக்கு "சிக்லிட்" என்று பெயர். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஆறு, ஏரிகளில் வாழும் நன்னீர் மீன்கள் இவை. இதுவரை பெயர் சூட்டப்பட்ட இனங்களே 1,700-க்கு மேல் இருக்கின்றன. கடைகளில் கண்ணாடித் தொட்டிகளில் நீங்கள் பார்க்கும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், பிளவர் ஹார்ன் எல்லாம் இந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.

வாய்க்குள் இரண்டு!

கொன்ராட் லோரென்ஸ் என்பவர் ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி. பறவைகள், மீன்கள், விலங்குகளின் குணங்களை ஆராய்ந்தவர். அதற்காக 1973-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

அவர் ஒரு தொட்டியில் "ரத்தின மீன்" என்னும் ஆப்பிரிக்க சிக்லிட் ஜோடியை வளர்த்தார். மாலை நேரமானால் அந்த மீன்களின் வீட்டில் ஒரே பரபரப்பு. அம்மா மீன் குஞ்சுகளைக் கூட்டருகே சேர்த்து வைத்துக் கொண்டிருக்கும். அப்பா மீன் வெளியே சுற்றும். வழி தவறிய குஞ்சுகளை வாயில் கவ்வி எடுத்து வரும். கூட்டுக்குள் துப்பிவிட்டு மறுபடியும் தேடப் போகும்.

ஒரு நாள் மாலை, லோரென்ஸ் மண்புழுத் துண்டுகளைத் தொட்டியில் போட்டார். பிள்ளை தேடிக் கொண்டிருந்த அப்பா மீன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றது. துண்டு பெரியது. உடனே விழுங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, ஒரு குஞ்சு தன்னந்தனியாக எதிரே போயிற்று. அப்பா மீன் பாய்ந்து அதையும் வாயில் எடுத்துக் கொண்டது.

இப்போது வாய்க்குள் இரண்டு! ஒன்று வயிற்றுக்குப் போக வேண்டியது. மற்றொன்று வீட்டுக்குப் போக வேண்டியது. மீன் என்ன செய்யும்?

கன்னம் இரண்டும் உப்பியபடி, சில விநாடிகள் அசையாமல் நின்றது. பிறகு இரண்டையும் வெளியே துப்பியது. புழுவும் குஞ்சும் தரையில் போய் விழுந்தன. மீன் ஒரு கண்ணால் குஞ்சைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல் புழுவைத் தின்று முடித்தது. அதன் பிறகு குஞ்சை வாயில் எடுத்துக் கொண்டு வீட்டுக்குப் போயிற்று!

பார்த்துக் கொண்டிருந்த மாணவர்கள் தங்களை மறந்து கை தட்டினார்கள் என்று லோரென்ஸ் எழுதியிருக்கிறார்.

நம் ஊர் உறவினர்

"ஆப்பிரிக்க மீன், அமெரிக்க மீன்தானே!" என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலும் மூன்று சிக்லிட் இனங்கள் உண்டு.

ஒன்று, கேரளத்தின் புகழ் பெற்ற கரிமீன். வாழை இலையில் பொதிந்து சுட்டுத் தருவார்களே, அதுதான். 2010-ம் ஆண்டு கேரள அரசு அதை மாநில மீனாக அறிவித்தது. நம் பழவேற்காடு ஏரியிலும் அது உண்டு, இலங்கையிலும் உண்டு. இரண்டாவது, விரல் நீளமே உள்ள மஞ்சள் நிறச் சிறு மீன். உப்பங்கழிகளிலும் நன்னீரிலும் வாழும். வெளிநாட்டுக்காரர்கள் இதை ஆசையோடு வாங்கித் தொட்டியில் வளர்க்கிறார்கள். நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை! மூன்றாவது, கர்நாடகத்து ஆறுகளில் மட்டும் வாழும் அபூர்வ மீன்.

இந்த மீன்களுக்கு மிக நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது தெரியுமா? கடல் கடந்து, மடகாஸ்கர் தீவில்!

மீன் மார்க்கெட்டில் "ஜிலேபி" என்று கூவி விற்கிறார்களே, அதுவும் ஒரு சிக்லிட்தான். ஆனால் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். அதன் கதை பின்னால் வருகிறது.

பாசமும் சண்டையும்

சிக்லிட் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த மீனுக்கு எவ்வளவு பாசமோ, அவ்வளவு கோபம்!

காரணம் இருக்கிறது. முட்டையைக் காக்க ஓர் இடம் வேண்டும். இடத்தைப் பிடித்தால் எல்லை வேண்டும். எல்லைக்குள் வேறு மீன் வந்தால் விரட்ட வேண்டும். பிள்ளையைக் காக்கிற அதே குணம்தான் அடுத்த மீனைக் கடிக்கவும் சொல்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது.

ஏரியில் இப்படிச் சண்டை நடந்தால், தோற்ற மீன் ஓடிவிடும். எல்லையைத் தாண்டியதும் துரத்துவது நின்றுவிடும். சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

தொட்டியில் என்ன நடக்கிறது? தோற்ற மீன் ஓடுகிறது. கண்ணாடியில் முட்டிக் கொள்கிறது. திரும்பினால் எதிரி! ஓட இடமில்லை. ஜெயித்த மீனோ, "இவன் இன்னும் என் வீட்டைவிட்டுப் போகவில்லையே" என்று மேலும் மேலும் அடிக்கிறது. காலையில் பார்த்தால், ஒரு மீன் செதில் கிழிந்து மிதக்கிறது. "ராசியில்லாத மீன்" என்று வீட்டில் சொல்லுகிறார்கள். ராசியில் ஒன்றுமில்லை. இடம்தான் இல்லை.

ஆகவே, தொட்டி பெரியதாக இருக்க வேண்டும். உள்ளே மறைவிடம் வேண்டும். உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த தேங்காய்ச் சிரட்டையில் வாசல் போலத் துளையிட்டு வைக்கலாம். கல் அடுக்கலாம். ஒரு மூலையில் இருக்கும் மீன் மற்ற மூலையைப் பார்க்க முடியாதபடி அடுக்க வேண்டும். கண்ணில் பட்டால்தானே சண்டை!

கல் அடுக்குவதில் ஒரு எச்சரிக்கை. முதலில் கல்லை அடிக் கண்ணாடிமீது நிலையாக வைத்துவிட்டு, அதன் பிறகு மணலைக் கொட்டுங்கள். சிக்லிட் மண் தோண்டும் மீன். மணல்மீது கல்லை அடுக்கினால், அடியில் தோண்டித் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடி உடைந்து, கூடம் முழுவதும் தண்ணீர் ஓடும்.

புது மீன் வாங்கி வந்தால், அதை விடுவதற்கு முன் கல், சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைப்பது நல்லது. பழைய மீன்களுக்கு எல்லைக் கோடு அழிந்துவிடும். எல்லோரும் புதுக் குடித்தனம்! அந்தக் குழப்பத்தில் புது மீன் பிழைத்துக் கொள்ளும்.

எந்த மீனை வாங்கலாம்?

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும். போனதும் கண்ணைக் கவருவது பிளவர் ஹார்ன். நெற்றியில் பெரிய புடைப்பு. உடம்பில் எழுத்து எழுதியது போன்ற கறுப்புக் கோடுகள். இது எந்த ஆற்றிலும் பிறந்த மீன் அல்ல. 1990-களில் மலேசியாவில், மத்திய அமெரிக்க சிக்லிட் இனங்களைக் கலந்து மனிதர்கள் உண்டாக்கிய மீன். அதிர்ஷ்டம் தரும் என்று சொல்லி விற்கிறார்கள். அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, தண்ணீர் மாற்றும் வேலை நிச்சயம் வரும்! ஒரு தொட்டிக்கு ஒரு பிளவர் ஹார்ன்தான். வேறு எதைப் போட்டாலும் மிஞ்சாது.

ஆஸ்கார் என்பது அமேசான் ஆற்று மீன். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். நான்கு வாங்கி வந்து சின்னத் தொட்டியில் விடுவார்கள். அது ஒரு அடிக்கு வளரும் மீன் என்று கடைக்காரர் சொல்ல மறந்திருப்பார். ஆஸ்காருக்குத் தீனி போடுகிறவரை அடையாளம் தெரியும். அவர் வந்தால் கண்ணாடி ஓரம் ஓடி வரும். நல்ல மீன்தான், ஆனால் பெரிய தொட்டி உள்ளவர்களுக்கு.

டிஸ்கஸ், வட்டத் தட்டு போன்ற அழகு மீன். அதற்கு 28 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். தண்ணீர் மிக மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். பழகாதவர்கள் கையில் அது நிற்பதில்லை.

முதல் முதலாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது ஏஞ்சல். இதுவும் அமேசான் மீன்தான். ஆனால், பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்து, நம் வீட்டுத் தண்ணீருக்குப் பழகிவிட்டது. சிக்லிட்டுகளில் கொஞ்சம் சாது. கொஞ்சம்தான்! வாயில் அடங்குகிற சின்ன மீனை அதனுடன் விட்டால் அதையும் தின்றுவிடும்.

வாங்கிய அன்றே மீனை விடாதீர்கள்!

தொட்டி வாங்குவார்கள். தண்ணீர் நிரப்புவார்கள். அன்றைக்கே பத்து மீனை விடுவார்கள். ஒரு வாரம் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். தண்ணீரைப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். "தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, ஏன் செத்தது?" என்று பிள்ளைகள் அழும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்தான் காரணம்.

மீனின் கழிவிலிருந்தும், மிச்சமான தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இது மீனுக்குக் கொடிய விஷம். ஆற்றில் இது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்?

இங்கேதான் இயற்கை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. ஒரு வகை நுண்கிருமி அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷமே. இன்னொரு வகை நுண்கிருமி அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும். இவை நல்ல கிருமிகள். பில்டரில் உள்ள ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும்.

புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் இல்லை. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விடுவது, சுவர் எழும்பு முன் கூரை போடுகிற கதைதான்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. பால் தயிராக வேண்டுமானால் உறை ஊற்றுகிறோம் அல்லவா? அது போலவே இதுவும். பல மாதமாக மீன் நன்றாக வாழும் தொட்டி ஒன்று, தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும். அந்தத் தொட்டியின் பில்டர் ஸ்பாஞ்சிலே ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டு வந்து, உங்கள் பில்டரில் வைத்துவிடுங்கள். நல்ல கிருமி சீக்கிரம் பெருகும். அப்போதும் முதலில் ஓரிரண்டு மீனை விட்டு, பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அபாயம்

இன்னொரு தவறு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்கிற தவறு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மீனைப் பிடித்து வாளியில் போட்டுவிட்டு, தொட்டி, மணல், பில்டர் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். "பளபள" என்று இருக்கும். புதன்கிழமை மீன் செத்துவிடும்.

கழுவினது அழுக்கை அல்ல, நல்ல கிருமிகளை! குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், மனிதனுக்குக் கெடுதல் செய்யும் கிருமியை மட்டுமல்ல, மீனைக் காக்கும் கிருமியையும் கொல்லும்.

சரியான முறை எளிது. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். மணலில் தங்கிய கசடும் அதோடு வந்துவிடும். ஸ்பாஞ்ச் அடைத்துக் கொண்டிருந்தால், எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள். ஊற்றுகிற தண்ணீரை, வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்திருந்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரை வீணாக்காதீர்கள். செடிக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது.

ஏஞ்சல் ஜோடிக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? மூன்று அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி குடும்பத்துக்குப் போதும். ஏஞ்சலின் துடுப்பு மேலும் கீழும் நீண்டது. அதனால் தொட்டி உயரமாக இருப்பது அவசியம். இந்த அளவுத் தொட்டி சுமார் 125 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 125 கிலோ! கண்ணாடி, மணல், கல் வேறு. ஆடுகிற மேஜைமீது வைக்காதீர்கள். வெயில் நேராகப் படும் ஜன்னல் ஓரமும் வேண்டாம். பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்குத்தான் வேண்டும். மற்ற இடங்களில் மார்கழிக் குளிரில் மட்டும் கவனித்தால் போதும். நமக்குத் தொல்லை கோடைதான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராண வாயு குறைகிறது. அந்த நேரத்தில் மின்சாரம் நின்று, ஏர் பம்பும் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து மறுபடி தொட்டியிலேயே ஊற்றிக் கொண்டிருங்கள். மின்சாரம் வருகிற வரை மீன் தாங்கும்.

தீனி, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு போதும். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், பாட்டி ஒரு முறை, குழந்தை ஒரு முறை என்று ஆளுக்கு ஆள் போட்டால், மீன் பசியால் சாகாது; தீனியால்தான் சாகும். சோறு, இட்லி, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

பெண் பார்க்கும் படலம்

ஏஞ்சலில் ஆண் எது, பெண் எது என்று வெளித் தோற்றத்தை வைத்துச் சொல்லுவது மிகக் கடினம். "இது ஜோடி" என்று சொல்லி இரண்டு மீனைக் கொடுத்தால் நம்ப வேண்டாம். கைதேர்ந்தவர்களே ஏமாந்து போவார்கள்.

இதற்கு நல்ல வழி, ஆறு சிறு மீன்களை ஒன்றாக வாங்கி வளர்ப்பது. எட்டுப் பத்து மாதத்தில் அவை தாமே ஜோடியைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளும். ஒரு நாள் பார்த்தால், இரண்டு மீன் ஒரு மூலையைப் பிடித்துக் கொண்டு மற்ற நான்கையும் எதிர் மூலைக்குத் துரத்திக் கொண்டிருக்கும். கல்யாணம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மற்ற நான்கையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். தாமதித்தால் உயிர்ச் சேதம்தான்.

ஜோடி சேர்ந்ததும் ஒரு அகன்ற இலையை, அல்லது சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்யும். பெண் மீன் வரிசை வரிசையாக முட்டையை ஒட்டும். ஆண் மீன் பின்னாலேயே வரும். நூற்றுக் கணக்கில் முட்டை இருக்கும்.

அதன் பிறகு இரண்டுக்கும் ஓய்வில்லை. துடுப்பை விசிறி போல ஆட்டி முட்டைமீது தண்ணீரை ஓட விட்டுக் கொண்டே இருக்கும். ஒன்று விசிறினால் மற்றொன்று காவல். வெள்ளையாகிப் போன கெட்ட முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் இலையில் ஒட்டிக் கொண்டே வால் ஆட்டும். பெற்றோர் அவற்றை வாயில் எடுத்து, வேறு இலைக்கு மாற்றி மாற்றி வைக்கும். மேலும் ஐந்து நாள் போனால், குஞ்சுகள் மேகம் போலக் கிளம்பி அப்பா, அம்மாவைச் சுற்றி நீந்தும். அப்போது ஆர்ட்டீமியா என்னும் உப்பு நீர்ப் பூச்சியின் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துத் தீனியாகக் கொடுக்க வேண்டும். அதன் முட்டை கடையில் கிடைக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை முட்டையிடும் ஜோடி, பெரும்பாலும் அதைத் தானே தின்றுவிடும். பயம், அனுபவமின்மை, ஓயாமல் தொட்டியைத் தட்டும் குழந்தைகள் - எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஜோடியைத் திட்டாதீர்கள். இரண்டு மூன்று முறைக்குப் பின் பழகிக் கொள்ளும்.

மீனும் பால் கொடுக்கும்!

டிஸ்கஸ் மீனின் கதை இதைவிட விந்தையானது. அதன் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், அப்பா, அம்மாவின் உடம்பில் ஒட்டிக் கொண்டு, தோலில் ஊறும் வழவழப்பைக் கொத்திக் கொத்தித் தின்னும். அதுதான் அவற்றுக்குப் பால். 2010-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி, பிள்ளை வளர்க்கும் காலத்தில் இந்த வழவழப்பில் புரதச் சத்தும், நோயைத் தடுக்கும் பொருள்களும் அதிகமாவதைக் கண்டறிந்தது. இரண்டு வாரம் போனால், பெற்றோர் பிள்ளைகளை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நீந்தும். நம் வீடுகளில் பால் மறக்கடிப்பது போல!

நம் நாட்டு மஞ்சள் சிக்லிட்டின் குஞ்சுகளும் பெற்றோரின் தோலைக் கொத்தித் தின்பவையே.

ஆப்பிரிக்காவில் மலாவி ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. பல நூறு சிக்லிட் இனங்கள் அந்த ஒரே ஏரியில் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாய்தான் தொட்டில். முட்டையிட்டதும் தாய் அதை வாயில் அள்ளிக் கொள்ளும். ஏறக்குறைய மூன்று வாரம் வாயைத் திறந்து ஒன்றும் தின்னாது. தாடை புடைத்திருக்கும், உடம்பு இளைத்துவிடும். குஞ்சுகள் பொரித்து, நீந்தத் தெரிந்த பிறகுதான் வெளியே விடும்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று வருந்தும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி. மலாவி ஏரி மீன்கள் கடினத் தண்ணீரில்தான் நன்றாக வாழும். அந்த வீடுகளுக்கு ஏஞ்சலைவிட இவை பொருத்தம். ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண் என்று விட வேண்டும். கல் நிறைய வேண்டும்.

அடுத்த ஏரி தாங்கன்யீகா. அங்கே ஒரு திருட்டு நடக்கிறது. சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து, புள்ளிக் கெளுத்தி ஒன்று இடையில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் மீன் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வாயில் அள்ளிக் கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முதலில் பொரியும். பொரித்ததும், அந்த வாய்க்குள்ளேயே இருக்கும் சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும்! காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது நமக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியிலும் குயில் இருக்கிறது.

ஏரியில் விடலாமா?

மீன் பெருகிவிட்டால், அல்லது பெரியதாகிவிட்டால், என்ன செய்வது? "பாவம், ஏரியில் விட்டுவிடலாம்" என்பார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிற பாவம் அது.

ஜிலேபி மீனைப் பாருங்கள். ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு 1952-ம் ஆண்டு ஆப்பிரிக்கத் திலேப்பியாவை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். அதுவும் வாய்க்குள் பிள்ளை வளர்க்கும் இனம். ஆகையால் குஞ்சுகள் அதிகமாகப் பிழைத்தன. குளம், ஏரி, அணை எங்கும் பரவியது. நெருக்கடியில் உள்ளங்கை அளவுக்கு மேல் வளரவும் இல்லை. நம் நாட்டு மீன்களுக்கு இரையும் இடமும் குறைந்தன. 70 ஆண்டுக்குப் பிறகும் அதை ஒழிக்க முடியவில்லை.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1950-களில் அங்கே நைல் கொடுவா என்னும் ராட்சச மீனை விட்டார்கள். 1980-களில் அது பெருகி, ஏரியின் சிக்லிட்டுகளைத் தின்று தீர்த்தது. சுமார் 200 இனங்கள் மறைந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அவற்றில் சில இனங்கள், மிருகக் காட்சிசாலைகளிலும் ஆசைக்காக மீன் வளர்த்தவர்களின் கண்ணாடித் தொட்டிகளிலும் தப்பிப் பிழைத்தன!

மணமகள் தேவை!

மடகாஸ்கர் தீவில் மங்கராஹாரா என்று ஒரு ஆறு. அந்த ஆற்றுப் பக்கம் மட்டுமே வாழ்ந்த ஒரு சிக்லிட் இனம், ஆறு வறண்டதால் அழிந்து கொண்டிருந்தது. லண்டன் மிருகக் காட்சிசாலையில் அந்த இனத்து மீன்கள் இருந்தன. ஆனால் எல்லாம் ஆண்!

2013-ம் ஆண்டு மே மாதம், அந்தக் காட்சிசாலை உலகம் முழுவதற்கும் ஒரு வேண்டுகோள் விடுத்தது. "இந்த இனத்தில் பெண் மீன் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று, வீட்டில் மீன் வளர்ப்பவர்களையும் கேட்டுக் கொண்டது. மீனுக்குப் பெண் கேட்டுச் செய்தி வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தொட்டிகளில் பெண் கிடைக்கவில்லை. ஆனால் செய்தி மடகாஸ்கருக்கும் எட்டியது. உள்ளூர் மக்களோடு சேர்ந்து தேடியதில், அந்த ஆண்டு முடிவதற்குள், ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்டு நின்ற ஓடைத் தண்ணீரில் 18 மீன்கள் அகப்பட்டன. அவற்றைப் பத்திரமாக எடுத்து, அந்தத் தீவிலேயே மீன் பண்ணை ஒன்றில் வைத்தார்கள்.

நம் வீட்டு ஏஞ்சலுக்கு அந்தக் கவலை இல்லை. முட்டையை எடுத்து வேறு தொட்டியில் பொரிக்க வைத்தால், பத்துப் பதினைந்து நாளில் அந்த ஜோடி மறுபடியும் முட்டையிடும். நூறு குஞ்சு பிழைத்தாலும் வைக்க இடம் வேண்டும். உறவினர், பள்ளிக்கூடம், மீன் கடை என்று யாருக்குக் கொடுப்பது என்பதை, இலையில் முதல் முட்டை தெரிகிற அன்றைக்கே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.